சனிக்கிழமை அரைநாளில் கெட்டிப்பட்ட உலோகம்

பெர்லினை ஒட்டிய நோய்பாபெல்ஸ்பெர்க்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். தோட்டா உறைக்குப் பித்தளைக்குப் பதில் அலுமினியம் ஆகுமா என்று பார்க்கும் வேலையை, அங்கிருந்த உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் தலையில் ராணுவம் கட்டியிருந்தது. அலுமினியமோ அமுக்கினால் அமுங்குகிற சாது. துப்பாக்கிக்குள் அனுப்புகிற ஆளா அது?

வில்முக்குத் தெரிந்தது எஃகு வைத்தியம். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அந்த நொடியே விறைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கார்பன் அணுக்கள் தப்பிக்க நேரமில்லாமல் மாட்டிக்கொள்வதால் வருகிற முறுக்கு அது. அதே வைத்தியத்தை அலுமினியத்துக்கும் பார்த்தார். சுமார் 4 சதவீதம் செம்பு, அரை சதவீதம் மக்னீசியம், 500 டிகிரிக்கு மேல் சூடு, அப்புறம் தண்ணீர். எடுத்துப் பார்த்தால் அதே சாது.

இது நடந்தது 1906இல், ஒரு சனிக்கிழமை. மத்தியானம் நெருங்கியதும் உதவியாளர் பாதித் துண்டுகளை அளந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் கிளம்புகிறவனிடம் காரணம் கேட்பது நாகரிகமில்லை. திங்கட்கிழமை மிச்சத்தை அளந்தால் கடினம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது! முதலில் சந்தேகப்பட்டது கருவியை. கருவி யோக்கியம்தான். அந்த உதவியாளருக்குச் சிலை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் கடமையே கண்ணாக நின்று அத்தனையையும் அன்றே அளந்திருந்தால், 'பயனில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.

நுண்ணோக்கியில் சனிக்கிழமைத் துண்டுக்கும் திங்கட்கிழமைத் துண்டுக்கும் ஒரே முகம். வில்முக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, 1909இல் காப்புரிமை எடுத்துவிட்டார். டூரன் நகரத்துக் கம்பெனி ஒன்று உரிமம் வாங்கி, டூராலுமின் என்று பெயர் சூட்டியது. தோட்டாவுக்காகத் தொடங்கிய சரக்கு செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு எலும்பாய்ப் போய்ச் சேர்ந்தது. விமானத் தொழிற்சாலைகளில் இந்த வகை ரிவெட்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்திருப்பார்கள். எடுத்த கையோடு அடித்துவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தால் முறுக்கிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இதுதான். சூட்டில் அலுமினியத்தோடு கரைந்து கலந்த செம்பு அணுக்கள், முக்கியதும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பிறகு, கல்யாணப் பந்தலில் தள்ளுமுள்ளு அடங்கியதும் ஒரே ஊர்க்காரர்கள் மெல்ல நகர்ந்து ஒரு மூலையில் சேர்வார்களே, அப்படிச் சேர ஆரம்பிக்கின்றன. ஓரிரு அணு தடிமனில் சின்னச் சின்னத் தட்டுகள். உலோகம் வளைய அதன் அணு அடுக்குகள் வழுக்க வேண்டும். இந்தத் தட்டுகளோ குறுக்கே உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கின்றன. வில்மின் நுண்ணோக்கிக்கு எட்டுகிற அளவா அது?

1919இல் அமெரிக்காவில் மெரிக்கா என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் காரணத்தை ஊகித்தார்கள். 1938இல் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரஸ்டனும் தனித்தனியே எக்ஸ்-ரேயில் ஆளைப் பிடித்தார்கள். வில்மோ உலோகத்துக்கே கும்பிடு போட்டுவிட்டுக் கோழி வளர்க்கப் போய், 1937இல் காலமாகியிருந்தார். ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்.

பெரிய கூத்து இனிமேல்தான். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் எஞ்சின் உறை, சுமார் 8 சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. 1994இல் வெளிவந்த ஆய்வில் அதன் துணுக்கைப் பார்த்தால் உள்ளே அதே செம்புக் கும்பல்! வில்முக்கு மூன்று வருஷம் முந்தியே, வார்ப்புச் சூட்டிலேயே காரியம் முடிந்திருக்கிறது. காப்புரிமை வழக்குப் போடுவதில் பேர்போன அந்தச் சகோதரர்கள் இதற்கு மட்டும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. தங்கள் எஞ்சினுக்குள் இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது அவர்களுக்கே தெரியாது.