தேர்வுக் குழு டீக்கடையில் கூடுகிறது

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 அன்று, சரியாகக் காந்தி ஜெயந்தியில், நாடு முழுக்க அமலுக்கு வந்தது. அலுவலகமும் அதில் அடக்கம். அன்றோடு நம் ஐ.டி. கம்பெனிகளின் பதவி உயர்வுக் குழு டீக்கடைக்கு ஜாகை மாறிவிட்டது. ஓ.எம்.ஆரில் மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் கிங்ஸ், கழுத்தில் அடையாள அட்டை. மேனேஜர் உதட்டில் சிகரெட் ஏறுவதற்குள் லைட்டரை நீட்டுகிறவர்தான் அடுத்த டீம் லீட்.

அந்த நேரத்தில், அவர் பாதியில் போட்டுவிட்டு வந்த வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டிருப்பாள் மாடியில் ஒருத்தி. ஆறரை மணி கேபை விட்டால் க்ரெஷில் குழந்தை அழும். அப்ரைசலில் எழுதுவார்கள்: "திறமைசாலி. ஆனால் விசிபிலிட்டி போதாது." அவ்வளவு புகைக்குள் எப்படி ஐயா தெரிவாள்?

வெள்ளிக்கிழமை பார்ட்டிக்கு வராவிட்டால் "டீமோட ஒட்டவே மாட்டேங்கிறா". வந்தாலோ, திங்கட்கிழமை காலைக்குள் அவளைப் பற்றி ஒரு கதை தயார். மூன்றாவது பெக்கில் பாஸ் தோளில் சாய்ந்து அழுதவனுக்குத்தான் "லீடர்ஷிப் குவாலிட்டி".

இதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஸோயி கல்லன், ரிக்கார்டோ பெரெஸ்-ட்ரூக்லியா என்ற பொருளியலாளர்கள் ஆசியாவின் பெரிய வங்கி ஒன்றின் பதிவேடுகளைத் துருவி 2023-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆண் மேலாளரிடம் போய்ச் சேர்ந்த ஆண்கள், பெண் மேலாளரிடம் சேர்ந்த ஆண்களைவிட வேகமாக ஏறினார்கள். அதுவும் மேலாளருக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை பார்த்தால்தான். பெண்களுக்கு மேலாளர் யாரானாலும் ஒரே கதி. ஏறியவர்கள் கூடுதலாக உழைத்ததற்குத் தடயமே இல்லை. மேலாளரோடு சேர்ந்து ப்ரேக் போனதற்குத்தான் இருந்தது.

பெண்களை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டதாகவும் சொல்லக் கூடாது. பிறந்தநாள் கேக்குக்குக் காசு வசூலிப்பது, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. மதிப்பெண்தான் கிடையாது.

அடுத்த ஆளெடுப்பு விளம்பரத்தையாவது ஒளிவுமறைவில்லாமல் போடுங்கள். தேவையான தகுதிகள்: பத்தாண்டு அனுபவம், தாங்கக்கூடிய நுரையீரல், ராத்திரி பதினோரு மணிக்கும் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருக்க வீட்டில் ஒரு பெண்.