அமுச்சி கையில குடு, அம்முணி

வா அம்முணி, இப்படி உக்காரு. தேங்கா துருவறதுக்குப் புதுசா ஒரு சாமான் பண்ணப் போறீயாமா. காலேஜுல இந்த வருச புராஜெக்டே அதுதான்னு உங்கம்மா சொன்னா. நெம்பச் சந்தோசம். அப்பிச்சி பெருசாப் படிக்காதவன், பவுண்டரியில வார்ப்பு அச்சுக்கு மரத்துல பேட்டர்ன் அடிச்சே காலத்தைத் தள்ளுனவன். இருந்தாலும் பேத்திக்கு மொதல் பரிசு கெடைக்கோணும்னு ஆசை இருக்காதா? அதுக்கு எனக்குத் தெரிஞ்ச யோசனையச் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதக் காரியம், தேங்கா துருவற எந்தப் பொம்பளையவும் கண்ணால பாத்துராத. பாத்தீன்னா புராஜெக்டு கெட்டுது. அதுக்குப் பதிலா ஒருத்திய நீயே உண்டாக்கிக்கோ. வயசு முப்பத்தஞ்சு, ஐ.டி. வேலை, ரெண்டு கொழந்தை, காலையில நேரமே பத்தலைன்னு எழுது. நெட்டுல இருந்து சிரிச்ச மூஞ்சியா ஒரு போட்டோவ எடுத்து ஒட்டு. அவ நல்லவ. ஒருநாளும் உன்னை எதுத்துப் பேச மாட்டா. நீ எதைச் செஞ்சு நீட்டுனாலும் இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேம்பா.

உன்ற அமுச்சி அப்படியில்ல. அவகிட்டப் போனீன்னா, "எளங்காயா முத்தலா? சட்டினிக்கா, பாலுக்கா?"ன்னு கேள்வியிலயே உன்னை ஒக்கார வெச்சுருவா. செரட்டைப் பக்கம் வந்ததும் கையை எப்படி லேசாக்கறான்னு பாத்திருக்கறயா? கருந்தோலு விழுந்தா சட்டினி நெறம் மாறிப் போயிரும். அவ தரையில உக்காந்து துருவறவ, நீ மேடையில நின்னு துருவற மாதிரி வரைஞ்சிருக்கற. இதையெல்லாம் கேட்டுட்டு இருந்தா, செவுரு பூரா யோசனை எழுதுன மஞ்சக் காயிதம் ஒட்டறதுக்கு நேரம் எங்கிருந்து வரும்?

அமுச்சி மாதிரியே கேள்வி கேட்டவிய இன்னும் ரெண்டு பேரு உண்டு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு அமெரிக்கா டிசைனருங்க, புருசனும் பொண்டாட்டியும், நேரு காலத்துல இங்க வந்தாங்க. சர்க்காரு கூப்பிட்டுத்தான் வந்தாங்க. 1958-ல அவிய எழுதிக் குடுத்த அறிக்கைய வெச்சுத்தான் 1961-ல அகமதாபாத்துல தேசிய டிசைன் பள்ளிக்கூடமே வந்துச்சு. நாடு பூரா சுத்திப் பாத்துட்டு, இங்க இருக்கறதுலயே அழகுன்னு எதைச் சொன்னாங்க தெரியுமா? சொம்பை! பொடக்காலியில கவுத்து வெச்சிருக்கறமே, அந்தச் சொம்புதான். எத்தனை தண்ணி புடிக்கும், தலையில வெச்சா எப்படி நிக்கும், இடுப்புல வெச்சா எப்படி, காலியா இருந்தா எடை எங்க, ரொம்புனா எங்க, கழுவறதுக்குத் தோதா இருக்குதா, பழசாப் போனா என்ன தேறும்னு கேள்வி கேள்வியா அடுக்குனாங்க. பாவம், மஞ்சக் காயிதம் இல்லாத காலம், வேற என்ன செய்வாங்க?

அடுத்த காரியம், என்னத்தைச் செஞ்சாலும் அதுல போனை ஒட்டீரு. தேங்கா துருவி முடிஞ்சுதுன்னு போனுக்கு மணி அடிக்கோணும். அடிக்கலீன்னா நமக்கு எப்படித் தெரியும்? ஜூசெரோன்னு அமெரிக்காவுல ஒரு மிசினு வந்துச்சாமா. நறுக்குன பழத்தைப் பையில போட்டு அவியளே விப்பாங்க. அந்தப் பைய மிசினுக்குள்ள வெச்சா சாறு பிழிஞ்சு தரும். வைஃபை எல்லாம் உண்டு. மொதல்ல 699 டாலரு, பொறவு 399. 2017-ல ப்ளூம்பெர்க் பத்திரிகைக்காரங்க அந்தப் பைய வெறுங்கையில அமுக்கிப் பாத்தாங்க. சாறு வந்துருச்சு! அந்த வருசமே கம்பெனிய மூடிட்டாங்க. கோடிக்கணக்குல டாலரு போட்டவிய ஒருத்தருக்காச்சும் மனுசனுக்குக் கையின்னு ஒண்ணு இருக்கற ஞாபகம் வரலை பாரு.

போனு வேண்டாம், அழகு போதும்ங்கறயா? அதுக்கும் வழி இருக்குது. பிலிப் ஸ்டார்க்குன்னு பேரெடுத்த டிசைனரு, 1990-ல அலெஸ்ஸி கம்பெனிக்காக எலுமிச்சை பிழியறதுக்கு ஒண்ணு பண்ணுனாரு. மூணு நெட்டைக் காலு, மேல கூம்பு. மியூசியத்துலயே வெச்சிருக்காங்க. பொறவு அதுலயே தங்க முலாம் பூசி ஒண்ணு வித்தாங்க. அதுல எலுமிச்சை பிழியக் கூடாதாமா, புளிப்புப் பட்டா முலாம் போயிருமாமா. எலுமிச்சை படக்கூடாத எலுமிச்சை பிழியறது! நீயும் தேங்கா படக்கூடாத தேங்காத் துருவி ஒண்ணு பண்ணீட்டீன்னா உன்னைய எவனும் அசைச்சுக்க முடியாது.

மூணாவது காரியம்தான் முக்கியம். கம்ப்யூட்டர்ல பளபளன்னு படத்தை மொதல்ல முடிச்சுரு. சாமானைக் கடைசி ராத்திரிக்கு வெச்சுக்கோ. அட்டையோ பிளாஸ்டிக்கோ கெடைச்சதுல ஒண்ணை ஒட்டி, பட்டி பாத்து, ஸ்ப்ரே பெயிண்டு அடிச்சு, ஜூரி முன்னால வெச்சு, "தொடாதீங்க"ன்னு ஒரு சீட்டும் எழுதிரு. தொட்டாத்தான ஒடையும்?

நாங்க அந்த வித்தையெல்லாம் கத்துக்கலை. பேட்டர்ன் அடிக்கற ஸ்கேலைப் பாத்தீன்னா கடை ஸ்கேலை விட அடிக்கு ஒரு நூலு நீளமா இருக்கும். அட, நூலுன்னா இஞ்சில எட்டுல ஒண்ணு. வார்ப்பிரும்பு ஆறுறப்போ அத்தனை சுருங்கும். அந்தச் சுருக்கத்தை மரத்துலயே சேத்து வெக்கோணும். பக்கத்தை நேர்குத்தா நிறுத்தாம துளி சரிச்சு விடோணும். இல்லீன்னா மண்ணுல இருந்து பேட்டர்னை உருவறப்போ அச்சு ஒடைஞ்சு போயிரும். கம்ப்யூட்டர்ல இரும்பும் சுருங்காது, மண்ணும் ஒடையாது. அது சொர்க்கலோகம்.

போன நோம்பிக்கு வந்தப்போ 3டி பிரிண்டர்ல ஒரு கைப்பிடி அடிச்சுக் கொண்டாந்தயே, அமுச்சி ஒரு இழுப்பு இழுத்ததும் படக்குன்னு போச்சல்ல? அவ பலத்தால போகலை. அது ஏடு ஏடாப் படிஞ்சு வர்ற சாமான், ஏடு சேர்ற எடத்துலதான் விடும். மரத்துல ரேகை பாத்து வெட்டறமே, அதே கதைதான். படுக்க வெச்சு அடிச்சிருந்தா தாங்கியிருக்கும். நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்ட. எனக்கு அன்னைக்கு நெம்பச் சந்தோசம். அந்த வருசம் பூரா நீ பண்ணுனதுலயே உருப்படியான வேலை அந்தக் கைப்பிடி ஒடைஞ்சதுதான்.

இனி குசும்பை விட்டுட்டுச் சொல்றேன். ஜேம்ஸ் டைசன்னு இங்கிலாந்துக்காரரு, பையில்லாத வேக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரி செஞ்சாரு. கடைசி ஒண்ணுதான் தேறுச்சு. மத்ததையெல்லாம் அவரு பரிசுக்கு அனுப்பலை, தூசியில ஓட்டிப் பாத்தாரு.

அத்தனை தூரம் எதுக்கு, நம்மூரு அடிபம்பையே எடுத்துக்கோ. வெளிநாட்டுல ஒரு குடும்பம் அடிக்கறதுக்குன்னு வார்ப்பிரும்புல செஞ்ச பம்பைக் கொண்டாந்து இங்க ஒரு ஊருக்கே வெச்சாங்க. விடிஞ்சதுல இருந்து இருட்டற வரைக்கும் சனம் அடிச்சா அது தாங்குமா? எங்க பாத்தாலும் ஒடைஞ்சு நின்னுச்சு. 1970-கள்ல யுனிசெஃபும் சர்க்காரும் சேந்து, சோலாப்பூர்ல ஒர்க்‌ஷாப்புக்காரங்க பண்ணி வெச்சிருந்த பம்பை எடுத்துத் திருத்துனாங்க. எங்க சோதிச்சாங்க தெரியுமா? நம்ம கோயமுத்தூர் பக்கத்து ஊருகள்லதான். ஆழமான போர்ல எறக்கி, சனங்க கையில விட்டு, எது தேயுது, எது கழலுதுன்னு பாத்துப் பாத்து மாத்துனாங்க. அதுதான் இந்தியா மார்க் 2. காப்புரிமையும் போடலை, எந்தப் பட்டறைக்காரனும் செய்யலாம். ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு. அதைச் சோதிச்ச ஜூரி யாரு? கொடம் தூக்கற பொம்பளைக.

அதனால அம்முணி, நாளைக்குக் காலையில பிரிண்டரைத் தொடாத. அமுச்சி கையில ஒரு உருண்டை களிமண்ணைக் குடுத்து இறுக்கிப் புடிக்கச் சொல்லு. அவ வெரலு பதிஞ்ச தடத்தைப் பாத்துக் கைப்பிடிய வரை. ஈரக் கையிலயும் புடிக்கச் சொல்லு. அடியில ரப்பர் உறிஞ்சி வெச்சு ஒட்டலாம்னு போட்டிருக்கறயே, அது வழவழன்னு இருக்கற கிரானைட்டுலதான் நிக்கும். நம்மூட்டு சொரசொரச் சிமெண்டு மேடையில காத்துப் பூந்து கழண்டுக்கும். பல்லு இருக்கற எடத்துல இடுக்கு விட்டீன்னா தேங்காப்பாலு உள்ள ஒட்டி, மக்யா நாளே புளிச்ச நாத்தம் அடிக்கும், எறும்பு வரும். இதெல்லாம் அட்டையும் பசையும் வெச்சே கண்டுபுடிச்சுக்கலாம். அம்பது ரூவாயில தெரிய வேண்டிய தப்பை அம்பதாயிரத்துல தெரிஞ்சுக்காத.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. உன்ற சாமானைப் பாத்துட்டு "நல்லாருக்குது கண்ணு"ன்னு சொல்றவிய சொல்லு கணக்கில்ல. அது ஒறம்பரைக்குச் சொல்ற மரியாதை. சாமானை அடுப்படியில வெச்சுட்டு ஒண்ணும் பேசாம காலேஜுக்குப் போயிரு. ஒரு மாசம் கழிச்சு வந்து பாரு. ஆரும் சொல்லாமயே அமுச்சி அதுல துருவீட்டு இருந்தான்னா நீ பாஸு. இல்லீன்னா, ஜூரி என்ன மார்க்குப் போட்டிருந்தாலும், மறுபடியும் அட்டைய வெட்டு.