குத்தியல்: ஆகச் சிறந்த பாக்ஸரைத் துணிவதற்கு ஓர் இலக்கணமும் உரையும்

பாயிரம்

ஆகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற வழக்கைத் தீர்க்க இதுகாறும் ஓர் இலக்கண நூல் எழாதது கற்றோர் நாணத்தக்கது. குத்துச்சண்டைக்கு 1867 முதல் குயின்ஸ்பெரி விதிகள் உண்டு. கையுறை கட்டாயம், ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து நொடி. குத்துச்சண்டையைப் பற்றிய வாதத்துக்கோ ரவுண்டும் இல்லை, மணியும் இல்லை, ஓய்வும் இல்லை. 1974-இல் கின்ஷாசாவில் விழுந்த ஜார்ஜ் ஃபோர்மனுக்கு ரெஃபரி வேகமாக எண்ணிவிட்டார் என்று சொல்லி, இன்னும் நிதானமாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இக்குறை களையவே இந்நூல். வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் எனக் குத்துச்சண்டைக் குழுக்களைப் பரம்பரை என்று சொல்வது வழக்கம். அதை ஒட்டி, வாதம் புரியும் கூட்டங்களையும் இந்நூல் பரம்பரை என்றே குறிக்கும். நூல் கேட்டற்கு உரியோர், இரவு பதினொன்றுக்கு மேலும் எழுந்து வீட்டுக்குப் போகாதோர். அவையடக்கம் என்னும் உறுப்பு மட்டும் விடப்பட்டது. இத்துறையில் அதற்கு முன்னோர் வழக்கு இல்லை.

காட்சியியல்

நூற்பா: கண்டது சிறுக்கும், காணாதது பெருக்கும்.

காட்சியாவது கண்ணால் கண்டு துணிவது. அளவைகளுள் முதலாவது இதுவே என்பர் தருக்க நூலார். குத்தியலில் மட்டும் இதன் நிலை தலைகீழ்.

பிட்ஸ்பர்க் ஹாரி கிரெப்பை எடுத்துக்கொள்க. 1926-இல் இறப்பதற்குள் ஏறத்தாழ முந்நூறு சண்டைகள் போட்டவர். அவற்றுள் பலவற்றை ஒரு கண் பார்வை போனபின் போட்டவர். 1922-இல் தம்மைவிடக் கனத்த ஜீன் டன்னியை வென்றார். டன்னி தொழில்முறையில் கண்ட ஒரே தோல்வி அது. அதே டன்னிதான் பிறகு ஜாக் டெம்ப்ஸியை இரண்டு முறை தோற்கடித்து ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். இப்படிப்பட்ட கிரெப் சண்டை போடும் படம் ஒரு சுருள்கூட எஞ்சவில்லை. எஞ்சியிருப்பதெல்லாம் அவர் பயிற்சி செய்யும் சிறு துண்டு மட்டுமே.

இதனால் கிரெப்புக்கு விளைந்த நன்மை பெரிது. இந்த இடத்தில் கையை இறக்கிவிட்டார் பார் என்று படத்தை நிறுத்திக் காட்ட எவராலும் ஆகாது. மைக் டைசனுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1986-இல் இருபது வயதில் பட்டம் வென்றதும், 1988-இல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 நொடியில் சாய்த்ததும் படமாக இருக்கின்றன. 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் அடிவாங்கி, தரையில் பல்காப்பைத் தேடித் துழாவியதும் அதே தெளிவோடு இருக்கிறது. கிரெப் எதையும் துழாவியதற்குச் சான்றில்லை.

அஃதேல், நேரில் கண்டாரோ எனின், அவரும் தப்பவில்லை. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். கண்டவர்கள் அந்த ஒரு மாலையை ஆயுள் முழுக்கச் சான்றாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்று அலிக்கு வயது 38. எல்லிஸோ அவருடைய பழைய ஊர்த்தோழர். நடந்தது பட்டப் போட்டியும் அன்று. போதாக்குறைக்கு எம்.ஜி.ஆர். வேறு வந்திருந்தார். கூட்டம் யாரைப் பார்த்தது என்பதே தனி ஆய்வுக்கு உரியது.

எண்ணியல்

நூற்பா: எண்ணெல்லாம் எடுத்தோன் பக்கமே.

எண் பொய் சொல்லாது என்பது உலக வழக்கு. பொய் சொல்லாத எண்கள் பல இருந்தால் யார் பேச்சைக் கேட்பது என்பதற்கு உலக வழக்கில் விடை இல்லை.

தோல்வியே அறியாதவர் தலைவர் என்பது ராக்கி மார்சியானோ பரம்பரையின் கொள்கை: 49 சண்டை, 49 வெற்றி, அவற்றுள் 43 நாக் அவுட். இக்கொள்கையை ஏற்றால் ஃபிளாய்ட் மேவெதர் 50-0 என்று ஒரு படி மேலே நிற்பார். மேவெதரின் ஐம்பதாவது எதிராளி கானர் மெக்ரெகர். அவருக்கு அது தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் சண்டை என்பர் மறுப்போர். மார்சியானோ 1951-இல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு மட்டும் வயது என்ன, 37 தானே என்பர் மறுப்பை மறுப்போர். ஒவ்வொரு பூச்சியத்தையும் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு கிழவரோ ஒரு புதியவரோ இருப்பார் என்று அறிக.

லூயிஸ் பரம்பரைக்குப் பூச்சியத்தில் நாட்டமில்லை. 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்தார், 25 முறை காத்தார். ஹெவிவெயிட்டில் அந்தக் கணக்கு இன்றும் முறியவில்லை. காத்தது யாரிடமிருந்து என்று கேட்பது மரபன்று. 1941 வாக்கில் மாதத்துக்கு ஓர் எதிராளி என்று வரிசையாக வந்தவர்களுக்கு அன்றைய பத்திரிகைகள் வைத்த பெயர் அச்சில் ஏற்றத்தக்கதாக இல்லை.

இனி எடைக் கணக்கு. மேனி பாக்கியாவ் எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 1998-இல் 112 பவுண்டு பிரிவில் தொடங்கி, 2010-இல் 154 பவுண்டு பிரிவு வரை ஏறினார். எட்டைவிடப் பெரிய எண் எவரிடமும் இல்லை என்பது அவர் பரம்பரையின் முடிபு. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் பரம்பரை இதை மறுக்கும். அவர்கள் காலத்தில் மொத்தமே எட்டுப் பிரிவுகள்தான். 1938-இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார்.

இதற்கு வாய்பாடு வருமாறு. எட்டில் மூன்று என்பது இன்றைய பதினேழு பிரிவுக்கு எவ்வளவு? ஆறேகாலே அரைக்கால் பட்டம். இன்று ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு அமைப்புகள் தனித்தனியே பெல்ட் கட்டுவதால் அதை நான்கால் பெருக்க வேண்டும். இருபத்தைந்தரை பெல்ட் வரும். ஆகவே ஆர்ம்ஸ்ட்ராங் இன்று இருந்தால் ஒரே நேரத்தில் இருபத்தைந்தரை பெல்ட் அணிந்திருப்பார் என்பது கணிதத்தால் பெறப்படும். அரை பெல்ட்டை இடுப்பில் கட்டுவது எங்ஙனம் என்பது தையற்கலையின் பாற்பட்டது; இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கருதலியல்

நூற்பா: இருந்திருந்தால் என்னும் குத்துக்குத் தடுப்பில்லை.

நிகழாததை நிகழ்ந்ததுபோல் வைத்துத் துணிவது கருதல். அலி பரம்பரையின் பெருங்கருவி இது. 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அவர் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்தார்கள். மூன்றரை ஆண்டு, இருபத்தைந்து வயது முதல் இருபத்தெட்டு வயது வரை, கால்கள் மிக விரைவாக ஓடிய காலத்தில் ரிங்குக்கு வெளியே நின்றார். அவர் போடாத சண்டைகளில் அவர் ஒன்றிலும் தோற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சீருடை போட்ட லூயிஸுக்கும் இதே சலுகை உண்டு என்பர் அவர் பரம்பரையார். கணக்கில் வராத வெற்றிகள் இரு பக்கமும் பெருகவே, யாம் அவற்றைக் கூட்டுவதை நிறுத்தினோம்.

கருதலை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன என்று மயாமியில் ஒருவருக்குத் தோன்றியது. மரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967-இல் வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களைக் கம்ப்யூட்டருக்குள் மோதவிட்டு, முடிவை ஒலிபரப்பினார். மார்சியானோ முதலிடம். அலியோ ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி மானநட்ட வழக்குப் போட்டார். நடக்காத சண்டையில் தோற்றதற்காக நீதிமன்றம் ஏறிய செயல் தருக்க நூல்களில் இன்னும் இடம்பெறாதது வியப்பே. சமரசத்தின் பயனாக 1969-இல் அலியும் மார்சியானோவும் கேமரா முன் நின்று, எழுபதுக்கு மேற்பட்ட ஒரு நிமிட ரவுண்டுகளை நடித்துக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டாகியிருந்த மார்சியானோ இதற்காக உடம்பை இளைத்து, தலையில் டோப்பா வைத்து வந்தார். வெற்றி தோல்வி இரண்டுக்கும் தனித்தனி முடிவுகள் எடுக்கப்பட்டன. எதைக் காட்டுவது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும்.

முடிவை அறியும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் பதின்மூன்றாம் ரவுண்டில் அலியை நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவுக்குப் போன படத்தில் வென்றவர் அலி. அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்றார் அலி. இயந்திரத்துக்குச் சார்பு இல்லை என்போர் இவ்விடத்தை இருமுறை படிக்க.

உரையியல்

நூற்பா: ஆன்றோர் வாய்மொழி ஆளுக்கு ஒன்று.

உரையாவது அறிந்தோர் சொல்லைக் கொள்வது. 1922-இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கிய நாட் ஃபிளைஷர் இத்துறையின் பேராசான். ஹெவிவெயிட்டில் ஜாக் ஜான்சனே தலைசிறந்தவர் என்று அவர் கடைசிவரை நின்றார். அவர் மறைந்த பின் அதே இதழ் 2002-இல் எண்பது ஆண்டுக்கு எண்பது பேர் என்று பட்டியலிட்டபோது முதலிடம் சுகர் ரே ராபின்சனுக்கு, அடுத்து ஆர்ம்ஸ்ட்ராங், மூன்றாவது அலி.

இனி அலியின் வாய்மொழி. தாமே ஆகச் சிறந்தவர் என்பதை அவர் பட்டம் வென்று சொல்லவில்லை. 1963-இல் இசைத்தட்டாகவே வெளியிட்டுவிட்டு, 1964-இல் வந்து சானி லிஸ்டனை வென்றார். அதே அலி, எடையை ஒதுக்கிப் பார்த்தால் ராபின்சனே எல்லோரினும் உயர்ந்தவர் என்றும் பலமுறை சொல்லியிருக்கிறார். அலியின் சொல் செல்லும் எனின் ராபின்சன் வெல்வார். செல்லாது எனின் அலி தம்மைப் பற்றிச் சொன்னதும் செல்லாது. ஆகவே அலி பரம்பரையார் தம் ஆசானின் வாக்கைப் பாதி நம்பும் கடப்பாடு உடையர்.

வாய்மொழியின் வலிமைக்கு மற்றொன்று. 1980 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சுகர் ரே லெனர்டோடு மோதிய ராபர்டோ துரான், எட்டாம் ரவுண்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு, போதும் என்ற பொருளில் இரண்டு ஸ்பானியச் சொற்கள் சொன்னதாக வரலாறு. அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் துரான். பெருங்கூட்டத்தின் நடுவில் பேசப்பட்ட இரண்டு சொல்லுக்கே இந்நிலை.

முடிபியல்

நூற்பா: முடிபு முந்துறும், அளவை பின்வரும்.

மேற்காட்டிய நான்கு இயல்களிலும் ஊடுருவி நிற்கும் விதி இதுவே. மார்சியானோவை விரும்பியவர் பூச்சியத்தைக் கண்டெடுத்தார். லூயிஸை விரும்பியவர் ஆண்டுகளை. பாக்கியாவை விரும்பியவர் பவுண்டை. அலியை விரும்பியவர் ரிங்குக்கு வெளியே இருந்த உலகத்தை. வீரரைத் தேர்ந்த பின்னரே அவர் உடம்புக்குப் பொருந்தும் அளவுகோலைத் தைக்கிறார்கள். எடைக்கு எடை என்ற கணக்குப் பரவியதே, ஹெவிவெயிட் அல்லாத ராபின்சனை ஹெவிவெயிட்டுகளுக்கு மேலே வைக்க வேறு வழி இல்லாததால்தான்.

இவ்விதிக்கு நூலாசிரியரும் கட்டுப்பட்டவர். ஆகவே யாம் முதலில் ராபின்சனைத் தேர்ந்து, பின்னர் அளவையை வெட்டினோம். அதன் பெயர் மீட்சியளவை: தோற்றவர் திரும்பி வந்து பறிகொடுத்ததைப் பிடுங்குதல். 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் ராபின்சன் முதல் தோல்வி கண்டார். மூன்றே வாரத்தில் அதே ஊரில் அதே லமோட்டாவை வென்றார். இருவரும் மோதியது ஆறு முறை. ராபின்சன் வென்றது ஐந்து. சுகரோடு இத்தனை முறை மோதியும் தமக்கு நீரிழிவு வரவில்லையே என்று லமோட்டா வியந்துகொள்வார். அந்த முதல் தோல்விக்குப்பின் எட்டு ஆண்டு, தொண்ணூறு சண்டைக்கு மேல் ராபின்சனுக்குத் தோல்வியில்லை. 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் நியூயார்க்கில் வைத்துத் திரும்ப வாங்கினார். மிடில்வெயிட் பட்டத்தை ஐந்து முறை கைப்பற்றினார்.

1952-இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோயி மேக்சிமிடம் தோற்று லைட் ஹெவிவெயிட் பட்டம் கைநழுவியது என்னை எனின், அன்று புழுக்கம் தாளாமல் ரெஃபரியே பத்தாம் ரவுண்டோடு ஒதுங்கி, மாற்று ரெஃபரி வந்தார். புள்ளியில் முன்னணியில் இருந்த ராபின்சன் பதினான்காம் ரவுண்டுக்கு எழவில்லை. வெக்கை பதிவுபெற்ற பாக்ஸர் அன்று. ஆகவே அத்தோல்வி எண்ணப்படாது. மொத்தம் பத்தொன்பது தோல்விகள் என்பர் சிலர். அவற்றுட் பல நாற்பதை நெருங்கியபோதும் கடந்தபோதும் வந்தவை. மீட்சியளவை முதுமையைக் கணக்கில் கொள்ளாது. எமக்கு வசதியாக அப்படியே வெட்டப்பட்டது.

புறனடை

தீர்ப்பு ராபின்சனுக்கே, ஒருமனதாக. ரிங் ஓரம் போட்ட மூன்று நடுவர் நாற்காலிகளிலும் யாமே அமர்ந்திருந்தமையின் புள்ளியில் வேறுபாடு எழவில்லை.

மறுப்போர் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தாமே ஒரு வீரரையும், அவருக்கு அளவெடுத்துத் தைத்த ஓர் அளவையையும் கொண்டுவர வேண்டும். நாற்காலிகளும் அவர்களுடையவையே ஆதல் வேண்டும். எம்முடையவற்றில் ஆள் இருக்கிறது.