பந்தைப் பூட்டி வை, மருமவளே!

ஏம்மா மருமவளே, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆயிட்டியாமே? ரொம்ப சந்தோஷம். புதுசா பதவிக்கு வந்தவங்களுக்குப் புத்தி சொல்லலேன்னா கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிழவனுக்கு அது அழகில்ல. பிள்ளைங்க ஓடாம ஆடாம, சட்டை கசங்காம படிச்சு முடிக்கணும்னா என்ன செய்யணும்னு சொல்றேன், கேட்டுக்க. நீ பெருசா மெனக்கெட வேணாம். முக்காவாசி வேலையை ஏற்கெனவே முடிச்சு வச்சிருக்காங்க.

மொதல்ல அந்த பி.டி. பீரியட். டைம்டேபிள்ல அது இருக்கட்டும், அழிச்சுடாதே, ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும். ஆனா மணி அடிச்சதும் கணக்கு வாத்தியார் வாசல்ல நிக்கணும். "போர்ஷன் முடியல"ங்கற ஒரு வார்த்தை போதும். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தப்ப மேடையிலயே கேட்டுக்கிட்டார், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்க, முடிஞ்சா உங்க பீரியடையும் வெளையாடக் குடுங்கன்னு. எல்லாரும் கைதட்டினோம். தட்டின கையோட ஸ்பெஷல் கிளாஸ் வச்சோம். வாங்கின பீரியடைத் திருப்பிக் குடுத்த கணக்கு வாத்தியாரை நாகப்பட்டினம் ஜில்லாவுல நான் பார்த்ததில்ல. வட்டி வேணாம், அசலையாவது குடுங்கய்யா!

அடுத்தது மைதானம். 2009-ல வந்த கட்டாயக் கல்விச் சட்டத்து அட்டவணையில, பள்ளிக்கூடம்னா வெளையாட எடம் இருக்கணும்னு எழுதியிருக்கு. நமக்கும் இருக்கு. ஐப்பசி கார்த்திகையில அது குளம். தவளைக்குத்தான் அங்க மாவட்ட அளவுப் போட்டி. தை மாசியில அது களம். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா மூட்டையைத் திருப்பி விடறான். வெவசாயி நெல்லை வேற எங்கதான் காயப்போடுவான்? கபடிக் கோட்டு மேல படுதாவை விரிச்சுக் கொட்டிடறான். யாரு வீட்டு நெல்லுன்னு மட்டும் கேக்காதே. பிள்ளைங்களுக்கும் பயிற்சி இல்லாமப் போகல. வெறுங்காலால நெல்லைக் கோடு கோடா கிளறி விடறதும் காக்கா ஓட்டறதும் என்ன லேசான தேகப்பயிற்சியா?

டிரில் மாஸ்டர் கதைதான் நெஞ்சை அடைக்குது. 2012-ல ஓவியம், உடற்கல்வி, இசை, தையல்னு சொல்லிக் குடுக்க 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரத்துல மூணு அரை நாள், மாசம் 5,000 ரூவா. ஏறி ஏறி 2024-ல 12,500 ஆச்சு. மே மாசத்துக்குச் சம்பளமே கிடையாதுன்னு வருஷக்கணக்கா போராடினாங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவுன்னா வாத்தியார் வயித்துக்கும் லீவுன்னு எவன் கண்டுபிடிச்சானோ, அவனுக்கு ஒரு மெடல் குத்தலாம். அதுல ஒருத்தரான நம்ம டிரில் மாஸ்டருக்கு விசில் ஊதறது பாதி வேலை. எமிஸ் வெப்சைட்டுல பிள்ளைங்க விவரம் ஏத்தறது, வாத்தியார் வராத கிளாஸுல உக்காந்து சத்தம் போடாம பார்த்துக்கறது மீதி வேலை. அவரை நிரந்தரமாக்கணும்னு யாராவது கேட்டா, "பரிசீலனையில இருக்கு"ன்னு சொல்லிப் பழகிக்க.

சாமான் விஷயத்துல நீ இன்னும் கவனமா இருக்கணும். 2024-ல கலைஞர் விளையாட்டு உபகரணம்னு 12,500-க்கு மேல ஊராட்சிகளுக்கு, ஊருக்கு 33 வகைன்னு குடுத்தாங்க. நம்ம ஊருக்கும் வந்துச்சு. போட்டோ எடுத்த அன்னைக்கு வெளியில வந்ததோட சரி. கேரம் போர்டு பாலிதீன் உறை பிரிக்காம அப்படியே மினுமினுக்குது. வாலிபால் காத்து எறங்கித் தேங்கா பன் மாதிரி சப்பையாக் கெடக்குது. பூட்டி வச்ச ரூம் சாவி ஊராட்சி கிளார்க்குகிட்ட, கிளார்க்கு பி.டி.ஓ. ஆபீஸுல. வெளையாடினாத்தானே ஒடையும்? பத்திரமா இருக்கட்டும்.

கேட்டா முதலமைச்சர் கோப்பை இருக்கே, தனிநபர் தங்கத்துக்கு லட்ச ரூவா இருக்கே, வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கேம்பாங்க. இருக்கு, ஒண்ணையும் கொறை சொல்லல, எல்லாம் நல்ல காரியம்தான். ஆனா நாத்து விடாம, நடவும் நடாம, அறுப்பு மிஷினுக்கு மட்டும் அட்வான்ஸ் குடுத்தாப்புலல்ல இருக்கு? பக்கத்து ஜில்லா வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸ், 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கபடித் தங்கம் கொண்டாந்தான். அரசாங்கம் 25 லட்சம் குடுத்துச்சு. குடுக்க வேண்டியதுதான். ஆனா அந்தப் பணம் ஜெயிச்ச பின்னால வந்தது. அதுக்கு முன்னால அவனுக்கு வேண்டியிருந்தது தெனம் சாயங்காலம் ஒரு மண் தரையும் கூட மல்லுக்கு நிக்க ஆளுங்களும்.

அதே பஹ்ரைன்ல கண்ணகி நகர் கார்த்திகாவும் தங்கம் வாங்கினா. நம்ம ஊர்ப் பொண்ணுங்களைக் கூப்புட்டு டி.வி.யில காட்டு. கைதட்டட்டும். அதோட நிறுத்திக்கணும். எட்டாவது தாண்டின பொண்ணு கிரவுண்டுல எறங்கினா தெருவே திரும்பிப் பார்க்கும்னு நாமதான் சட்டம் போட்டு வச்சிருக்கமே!

பதினொண்ணாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-ல மாநிலக் கல்விக் கொள்கையோட எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் மூச்சு விட எடம் கெடைச்சுது. அதை வெளையாட்டுக்கு விட்டுடாதே. நீட் கோச்சிங்காரன் அங்க எப்பவோ பாய் விரிச்சுட்டான்.

எல்லாம் சொல்லிட்டேன். இதை அப்படியே செய்வியோ, தலைகீழா செய்வியோ, உன் சாமர்த்தியம். ஒருவேளை தலைகீழாத்தான் செய்யப் போறேன்னா, அடுத்த கிராம சபையில எந்திரிச்சு அந்த ரூம் சாவியைக் கேளு. எப்ப தெறப்பாங்கன்னு தேதி வாங்காம உக்காராதே. பி.டி. பீரியடை யாருக்கும் கடன் குடுக்கறதில்லன்னு குழுவுல தீர்மானம் எழுதி, மொதக் கையெழுத்தைக் கணக்கு வாத்தியார்கிட்ட வாங்கு. மைதானத்துல நெல்லு கொட்டறவன்கிட்ட மட்டும் நீ போவாதே, நான் பேசிக்கறேன். அவன் உன் புருஷன்தான்.