காப்பு கட்டறதுக்கு முன்னாடி வந்துடாதே, மாப்ளே

பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, "மாமா, இந்த வருசம் மாரியம்மன் பண்டிகைக்கு எப்போ வந்தா சரியா இருக்கும்?"னு கேட்டியே, கம்பைநல்லூர்ல பொறந்தவன் கேக்கற கேள்வியா அது? கேட்டுட்டே. சொல்றேன், காதுல வாங்கிக்கோ.

காப்பு கட்டறதுக்கு முன்னாடி மட்டும் வந்துடாதே. வந்தா மாட்டிகினே. மஞ்சக் கெழங்கை ஒரு துண்டு நறுக்கி, மஞ்சக் கயித்துல வேப்பிலையோட சேத்து முடிஞ்சு, மொதல்ல அம்மனுக்கு, அப்பறம் பூசாரிக்கு, அப்பறம் கரகம் எடுக்கறவனுக்குக் கட்டுவாங்க. பாத்தா நூலு. ஆனா அது ஏறின நாள்ல இருந்து ஊர்ல இருக்கற எவனும் எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி இங்க வந்துதான் படுக்கணும். கட்டினவனுக்குக் கறி கிடையாது, பீடி கிடையாது, பொண்டாட்டி பக்கத்துல பாய் கிடையாது. உன்னால ஆவுமா? அதனால தேர் அன்னிக்கு சாயந்திரமா கார்ல வந்து எறங்கு. வடத்தைத் தொட்டுகினு ஒரு போட்டோ எடு. தொட்டா போதும், இழுக்கறதுக்கு ஊர்ல ஆள் இருக்காங்க.

முன்னாடியே வந்தா இன்னொரு ஆபத்தும் இருக்குது. தலைக்கட்டு வரி வாங்க நோட்டைத் தூக்கிகினு பெரியவங்க திண்ணை திண்ணையா வருவாங்க. ஒருத்தர் எழுத, ஒருத்தர் காசு எண்ண, நாலு பேர் சும்மா கூட நிப்பாங்க. அந்த நாலு பேர்தான் முக்கியம். எவன் வீட்ல அண்ணன் தம்பி பேசறதில்ல, எவன் வரப்பைத் தள்ளி வெட்டிட்டான், அந்தப் பஞ்சாயத்து பூரா அந்தத் திண்ணையிலதான் நடக்கும். நீ ஜிபேல அனுப்பிட்டு ரசீது கேக்கறே. அனுப்பு, தப்பில்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ: வரி கேட்டு வராத வீடுதான்டா பயப்படணும். இந்தப் பக்கத்துல ஒரு குடும்பத்துக்கிட்ட வரி வாங்கலேன்னா அது தள்ளுபடி இல்ல, தள்ளி வெக்கறது. சாமி பேரைச் சொல்லித்தான் அதையும் செய்யறானுங்க. ராத்திரி பூரா தப்பட்டை அடிக்கறவனுக்குத் தண்ணி சொம்பைத் தூக்கி ஊத்தறதா, கையில குடுக்கறதான்னு யோசிக்கறவன் வீட்டுல அம்மன் எப்படி வந்து எறங்குவா? இதை நான் கேட்டா "பெருசுக்கு வயசாயிடுச்சு"ங்கறாங்க. ஆயிடுச்சுதான்.

போன ஆடியில நம்ம வாட்சப் குரூப்புல ஒண்ணு போட்டே பாரு. மஞ்சள் கிருமி நாசினி, வேப்பிலை காத்தைச் சுத்தம் பண்ணும், கூழு உடம்புச் சூட்டைத் தணிக்கும், எல்லாத்தையும் நம்ம முன்னோர் அப்பவே விஞ்ஞானமா யோசிச்சாங்கன்னு. நல்லாத்தான் இருந்தது. ஆனா உங்க ஆயா கூழ் காச்சினப்போ எந்த விஞ்ஞானத்தையும் யோசிக்கல. கேவுரு மாவை மொத நாளே கரைச்சுப் புளிக்க விடணும். மறுநாள் நொய்யை வேகவெச்சு, புளிச்ச மாவை ஊத்தி, அடி புடிக்காம கிளறணும். துடுப்பு கையில இருந்து நழுவற வரைக்கும் கிளறணும். ஒருத்தி கை ஓய்ஞ்சா இன்னொருத்தி வாங்குவா. எதிர் வீட்டுக்காரிகிட்ட வருசம் பூரா பேசாதவ, அந்த அடுப்படியில பேசாமலே துடுப்பை வாங்கிக்குவா. அதுக்கு எந்தக் கிருமி நாசினி? மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் போட்டு, கருவாட்டுக் கொழம்பு தொட்டுக் குடிச்சா நீ விஞ்ஞானத்தையும் மறப்பே, ஆபீஸையும் மறப்பே. மத்தியானம் தூக்கம் வேற வரும். வேணாம், நீ தேருக்கே வா.

அம்மைக்கு பயந்துதான் இந்தப் பண்டிகையே வந்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க. இருக்கலாம். 1975க்கு அப்பறம் நம்ம தேசத்துல பெரியம்மையே வரல. 1980ல உலகத்துலயே இல்லைன்னு சொல்லிட்டாங்க. வேலை முடிஞ்சுபோச்சேன்னு அம்மன் ஊரைக் காலி பண்ணிட்டாளா? நோயி போச்சு, கூட்டம்தான் ரெண்டு பங்காச்சு. நம்ம ஊர் சிவன் தேசிநாதேஸ்வரர் கல்லுக் கோயில்ல அமைதியா உக்காந்துகினு வேடிக்கை பாக்கறாரு, பாவம்.

கெடா வெட்டுன்னா மொகம் சுளிப்பியே, அதுக்கும் ஒரு கதை இருக்குது. 2003 ஆகஸ்டுல கோயில்ல ஆடு கோழி வெட்டக் கூடாதுன்னு சர்க்கார் கண்டிப்பா சொல்லிடுச்சு. சட்டம் 1950லயே போட்டதாம், அதுவரைக்கும் எவனுக்கும் ஞாபகம் இல்ல. ஆடுங்க தைரியமா நிமிந்து நடந்துச்சு. 2004 பிப்ரவரியில சட்டத்தையே தூக்கிட்டாங்க. ஏப்ரல், மே மாசம் பார்லிமெண்ட் எலெக்சன். ஆட்டுக்கு ஓட்டு இல்லடா மாப்ளே.

வாண வேடிக்கை பெருசா விடணும், செலவு நான் தரேன்னியே, அதுல மட்டும் வெளையாட்டு வேணாம். நம்ம ஊர் பக்கத்துல சின்னமுறுக்கம்பட்டி பட்டாசு ஆலையில 2025 பிப்ரவரியில மூணு பொம்பளைங்க செத்துப்போனாங்க. மேல போயி வெடிக்கறதை நாம அண்ணாந்து பாக்கறோம், அதை உருட்டினவ கூலிக்குப் போனவ. காசு நெறைய இருந்தா பந்தல்ல நாலு மின்விசிறி மாட்டு. மாவிளக்குத் தட்டோட நிக்கற பொம்பளைங்க வேர்த்துக் கொட்டாம இருப்பாங்க.

மாவிளக்குன்னதும் ஞாபகம் வருது. உன் பொண்டாட்டி "உங்க ஊர்ப் பண்டிகையில பொம்பளைங்களுக்கு மாவு இடிக்கற வேலைதானா?"ன்னு கேட்டாளாமே. கேட்டது ஞாயம். பதில் தெரியலேன்னா தைப்பூசத்துக்கு தருமபுரி குமாரசாமிப்பேட்டைக்குக் கூட்டிப் போ. சிவசுப்பிரமணியர் தேரை அங்க பொம்பளைங்க மட்டும்தான் வடம் புடிச்சு இழுக்கறாங்க. அவளை வடத்துல வுட்டுட்டு நீ ஓரமா நில்லு. பையைப் புடி, செருப்பைப் பாத்துக்கோ. அப்பதான் இங்க யாரு என்னா வேலை செய்யறாங்கன்னு உனக்கு வெளங்கும்.

அப்பறம் பிளெக்ஸு. கூட்டுரோட்ல உன் மூஞ்சியைப் போட்டு "பெங்களூர் வாழ் தொழிலதிபர்"னு வெக்கச் சொன்னியாம். பையனுங்க வந்து கேட்டாங்க. வெக்கச் சொல்லிட்டேன். அம்மன் படம் ஓரத்துல சின்னதா இருக்கும், உன்னுது நடுவுல பெருசா இருக்கும். சாமி வந்து ஆடறவங்க தப்பா உன்னைப் பாத்துக் கும்புட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கடைசி நாள் மஞ்சத்தண்ணிக்கு இருந்துட்டுப் போறேன்னா சந்தோசம். உன் மாமன் மவளுங்க ரெண்டு பேரும் அண்டாவுல இப்பவே கணக்குப் போட்டுகினு இருக்காளுங்க. மொறைக்காரன், ஓட முடியாது. வெள்ளைச் சட்டை போட்டுகினு வா. புதுசா இருந்தா ரொம்ப நல்லது.