ஃபயர்வாலைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது எப்படி?

ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்போம். ஆட்டோவில் ஏறிய பிறகும் இறங்கிவந்து ஐந்தாம் தடவை இழுப்பவர்கள் உண்டு. என் அத்தை அந்த ரகம். அப்படிப்பட்ட நாம்தான் ஆபீசுக்கு ஒரு லட்ச ரூபாயில் ஃபயர்வால் வாங்கி மாட்டுகிறோம். அந்தப் பூட்டை ஒரு தடவையாவது இழுத்துப் பார்த்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் ‘சிஸ்டம் பாக்கறவரு’ என்ற பதவியில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவன் என்ற ஒரே தகுதியில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் வேலை, பெட்டியைக் கண்டுபிடிப்பது. ஸ்டோர் ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஏசி ஓடும் அறை ஒன்று இருக்கும். வெயில் காலத்தில் கணக்குப்பிள்ளை டிபன் பாக்ஸோடு அங்கேதான் இருப்பார். ரேக்கில் கண் சிமிட்டும் பெட்டிகளில் ஃபயர்வால் எது என்று குழம்ப வேண்டாம். ஆயுத பூஜைக்கு எதற்குப் பெரிய பொட்டாக வைத்திருக்கிறார்களோ அதுதான். எங்கள் பெட்டியில் சந்தனம் கன்சோல் துளைக்குள்ளேயே இறங்கியிருந்தது. பொட்டுக்குக் கீழே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பெட்டியை விற்றவர் அனுப்பிய பையன் கோணல்மாணல் எழுத்தில் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் அதில் எழுதி ஒட்டியிருந்தான். பூஜைப் படத்தை ஓனர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். படம் நல்ல தெளிவு.

ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தாலும் கவலையில்லை. இந்தப் பெட்டிகள் கதவிலக்கத்தோடுதான் பிறக்கின்றன. ஃபோர்ட்டிகேட் என்றால் 192.168.1.99. சோனிக்வால் என்றால் 192.168.168.168, இதைப் போனில் சொன்னால் “நூத்தி அறுபத்தெட்டு எத்தனை தடவைங்க?” என்று எதிர்முனையில் கட்டாயம் கேட்பார்கள். சோஃபோஸ் 172.16.16.16, கூடவே 4444 என்ற போர்ட். பிஎஃப்சென்ஸுக்கு 192.168.1.1, பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு அந்த மென்பொருளின் பெயரேதான். மைக்ரோடிக் ரூட்டர்கள் பல வருஷம் பாஸ்வேர்டே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. எதுவும் ரகசியமில்லை, எல்லாம் அந்தந்தக் கம்பெனியே கையேட்டில் போட்டுக் கொடுத்தவை. இப்போது வரும் பெட்டிகள் பலவும், முதல் தடவை உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றினால்தான் மேலே விடுவேன் என்று அடம்பிடிக்கின்றன. நம்மாட்கள் ‘அட்மின்’ என்பதை ‘அட்மின்@123’ ஆக்கி அந்த அடத்தைத் தீர்த்துவைக்கிறார்கள்.

முகவரியைத் தட்டியதும் பிரவுசர் சிவப்பாக ஒரு பக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தும். பயப்படாதீர்கள். பெட்டி தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அட்டெஸ்ட் செய்ய கெசட்டட் ஆபீசர் யாரும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆபீசுக்கென்று முறையான சான்றிதழ் ஒன்றை ஏற்றிவிட்டால் இந்தச் சிவப்பு போய்விடும். நாம் அதைச் செய்யாமல், ‘பரவாயில்லை, போகட்டும்’ என்ற இடத்தை அமுக்கி உள்ளே போகிறோம். தினமும் அமுக்கிப் பழகிய கை, எவனோ நடுவில் உட்கார்ந்து போலிப் பக்கத்தை நீட்டும் நாளிலும் அதே வேகத்தில் அமுக்கும். டெல்நெட் என்ற 23-ஆம் எண் கதவு திறந்திருந்தால் அதை மட்டும் இன்றைக்கே மூடிவிடுங்கள். அதில் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டில் எழுதிய சேதி மாதிரி போகும்.

பாஸ்வேர்டு வைப்பதில் நம் ஆபீசுகளுக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு: கம்பெனி பெயர், @, வருஷம். 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிவிட்டு ஆடிட்டர் போனால் கடைசியில் 1, 2, 3 என்று ஏறும். எங்களுடையது 17 வரை ஏறியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற விதியை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் எழுதியவர் பில் பர். தான் செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் அவரே சொல்லிவிட்டார். கசிந்துவிட்டது என்று தெரிந்தாலொழிய சும்மா மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்கச் சொல் என்று அதே வருஷம் அந்த நிறுவனமும் விதியைத் திருத்தியது. தகவல் எங்கள் ஆடிட்டருக்கு இன்னும் வந்துசேரவில்லை.

நீளம் என்றால் எவ்வளவு? ‘பாட்டி வத்தக்குழம்பு கொதித்து மாடிவரை மணந்தது’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் நாற்பது எழுத்தைத் தாண்டும். எந்த அகராதியிலும் இருக்காது, எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒரு விதம். அப்படியொன்றை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் அது ஐடி குரூப்பில் பின் செய்யப்பட்டிருந்தது. கீழே ஓனரின் மருமகன் ‘சூப்பர்ங்ணா’ என்று போட்டு, நாக்கில் எச்சில் ஊறும் பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தான்.

சரி, வாசலை எந்தப் பக்கம் வைப்பது? ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் ஆபீசுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் பெட்டியை விற்று ஏஎம்சியும் எடுத்தவர் ஈரோட்டில் இருக்கிறார். நெட் நின்றால் அங்கிருந்து பஸ் ஏறி வரவேண்டும். ஆகவே வெளிப்பக்கத்து வான் போர்ட்டில், எச்டிடிபிஎஸ் என்ற குட்டிக் கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போவார். “ஒரு வாரத்துக்குத்தானுங் சார், டெஸ்டிங்.” அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு தீபாவளி வந்துபோயின. அப்புறம்தான் நான் கவனித்து மூடினேன்.

பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஆபீசின் பப்ளிக் ஐபியைத் தட்டுங்கள். 4444, 8443 என்று வழக்கமான போர்ட்களையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். ஒன்றும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் போய்ச் சாப்பிடலாம். லாகின் பக்கம் வந்தால், அது உங்களுக்கு மட்டும் வரவில்லை. ஷோடன் என்றொரு தேடுபொறி 2009-இலிருந்து இணையத்தில் உள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் 443-ஐ 8443 ஆக்கிவிட்டேனே என்பார்கள் சிலர். காலிங் பெல்லை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

வத்தக்குழம்பு பாஸ்வேர்டு இருக்கிறதே, எவன் உடைப்பான் என்று தோன்றும். உடைக்க யார் வருகிறார்கள்? 2024 நவம்பரில் பாலோ ஆல்டோ பெட்டிகளிலும் 2025 ஜனவரியில் ஃபோர்ட்டினெட் பெட்டிகளிலும் தெரியவந்த ஓட்டைகள், வந்தவனைப் பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகி நாற்காலியில் உட்காரவைப்பவை. நிர்வாகப் பக்கம் அவன் கைக்கு எட்ட வேண்டும், அது போதும். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஜூனிலேயே, அங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களில் இப்படி வெளியே தெரியும் நிர்வாகப் பக்கங்களை 14 நாளுக்குள் மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் தனிக் காவல் போட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெட்டிக்குள்ளேயே கள்ளச்சாவி இருந்த கதையும் உண்டு. ஜூனிப்பரின் நெட்ஸ்கிரீன் பெட்டிகளில் யாரோ புகுத்தியிருந்த ரகசியப் பாஸ்வேர்டு ஒன்று 2015 டிசம்பரில் வெளியே வந்தது. புரோகிராமர் அழிக்க மறந்துபோன பிழைதிருத்தும் வரி மாதிரியே அதற்கு வேஷம் கட்டியிருந்தார்கள். சைக்செல் பெட்டிகள் சிலவற்றில், மாற்றவே முடியாத பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு ஒளிந்திருந்தது 2020 கடைசியில் தெரிந்தது. அப்டேட் வந்தால் உடனே போடுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்குத்தான். ஷிப்மென்ட் முடியட்டும் என்பார்கள். ஷிப்மென்ட் முடிந்த நாளைத் திருப்பூர் இன்னும் பார்க்கவில்லை.

வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டியவர் விபிஎன் போட்டு உள்ளே வந்து, அங்கிருந்து கதவைத் தட்டட்டும். எந்தெந்தக் கணினி தட்டலாம் என்று பட்டியலும் போடலாம். டிரஸ்டட் ஹோஸ்ட் என்பார்கள். அந்தப் பட்டியலில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அதற்கு முன் அட்மினைப் பற்றி. எங்கள் ஆபீசில் அட்மின் என்றொருவர் இருக்கிறார். லீவே போடமாட்டார். ராத்திரி 2 மணிக்கு வருவார், பொங்கலன்று வருவார். சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர் கிடையாது. நான் அட்மின், ஈரோட்டுக்காரர் அட்மின், அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போன மூன்று பையன்களும் அட்மின், யூடியூபில் கற்றுக்கொண்ட அளவுக்கு ஓனரின் மருமகனும் அட்மின். நம் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக் எல்லாவற்றையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பத்திரமாக வைத்திருக்கிறோம். அட்மின் வந்தார், அட்மின் போனார் என்று 180 நாளும் இருக்கிறது.

ஆளுக்கொரு கணக்கு, அவரவர் பெயரில், அவரவர் வேலைக்கு வேண்டிய உரிமையோடு. ஓனருக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள கணக்கைக் கொடுத்தேன். “எம் பொட்டிய நானே பாக்க மட்டுந்தானா?” என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. யார் எவ்வளவு நேரம் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்ற கிராஃபைத் திறந்து காட்டினேன். இப்போது காலைக் காபி அதன் முன்னால்தான். ஈரோட்டுக்காரர் மட்டும், பழைய அட்மினை எடுத்துடாதீங்க, அவசரத்துக்கு ஆகும் என்றார். விட்டுவைத்தேன்.

இரண்டாவது பூட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண். பொதுக் கணக்குக்கு இதைப் போட்டால் எண் யாரோ ஒருவர் போனில் வரும். அவர் கல்யாணப் பந்தியில் உட்காரும்போதுதான் நெட் நிற்கும். அவர் வேலையை விட்டால் எண்ணும் பெங்களூர் போய்விடும். ஆகவே அவரவர் கணக்குக்கு அவரவர் போன். போனும் தொலைந்து ஆளும் இல்லாத நாளுக்கென்று ஒரு கணக்கை வைத்து, அதன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு கேஷ் பெட்டியில் வைத்துவிடுங்கள். அது வத்தக்குழம்பாக இருக்க வேண்டாம்.

இனி என் அனுபவம். ஒரு சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டு, மேலே சொன்னபடி போனில் பூட்டை இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. ஒரு மாதம் முன்பு நான் மூடிய வெளிக்கதவு ‘பயனர் பெயர்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. கோபத்தோடு விபிஎன்னில் நுழைந்து அந்த டிக்கை எடுத்தேன். அதே கோபத்தில் எல்லாக் கணக்குக்கும் டிரஸ்டட் ஹோஸ்டும் போட்டேன். 192.168.10.0 என்று போடவேண்டிய இடத்தில் 192.168.100.0 என்று போட்டு சேவ் கொடுத்தேன். திரை அப்படியே நின்றது.

கெட்டிக்காரர்கள் இதற்கு முன்னேற்பாடு செய்துகொள்வார்கள். ஜூனிப்பரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று கொடுத்தால், 10 நிமிஷத்துக்குள் நீங்கள் திரும்ப உறுதி சொல்லாவிட்டால் பெட்டி தானே பழைய நிலைக்குப் போய்விடும். சிஸ்கோவில் கைவைப்பதற்கு முன் 10 நிமிஷத்தில் ரீலோடு ஆகச் சொல்லிவைப்பார்கள்; சொதப்பினால், சேமிக்காத மாற்றங்களை உதறிவிட்டுப் பெட்டி எழுந்துவரும். நான் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. கோபமாக இருந்தேன்.

ஞாயிறு காலை நீலக் கன்சோல் கேபிள், லேப்டாப்பில் அதற்கான துளை இல்லை என்பதால் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர், சந்தனம் சுரண்ட ஒரு குண்டூசி, மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன்.

“ஏனுங் சார், நோட்டுல பேரெழுதிப்போட்டுப் போங்க.”

“என்னையத் தெரியாதுங்களா?”

“தெரியுமுங்க. எழுதுங்க.”

பெயர், வந்த நேரம், என்ன வேலையாக, கையெழுத்து. எழுதிவிட்டு உள்ளே போனேன். முதலில் வேகத்தை 115200 என்று வைத்ததில் திரை முழுக்கக் கிறுக்கல் ஓடியது. 9600-க்கு மாற்றியதும் பெட்டி மரியாதையாகப் பேசியது. பட்டியலைத் திருத்திவிட்டு லாகைத் திறந்தேன். வியாழன் மாலை 7.52. சர்வர் ரூம் கணினியிலிருந்து வான் போர்ட்டில் எச்டிடிபிஎஸ் திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தவர்: அட்மின்.

ஈரோட்டுக்குப் போன் போட்டேன். “நம்ம பசங்க யாரும் வரலீங் சார்.” மருமகனைக் கேட்டேன். “நான் ஊட்டில இருக்கறனுங்ணா.”

வெளியே வந்து வாட்ச்மேனின் நோட்டை வாங்கி இரண்டு தாள் பின்னால் புரட்டினேன். வியாழன், 7.40. ஈரோட்டுக்காரர் கம்பெனியின் பெயர், ஒரு பையன் பெயர், ‘பயர்வால் டெஸ்டிங்’, கையெழுத்து. ஸ்டிக்கரில் இருந்த அதே கோணல்மாணல் எழுத்து. வெளியே போன நேரம் 8.05.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

“ஏனுங் சார், போற நேரம் எழுதலீங்களே.”