ஜகரத்தால் வந்த யுத்தம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், கோவில், காலைநடை, பேரப்பிள்ளைகள் என்னும் மூன்று சௌக்கியங்களோடு காலந்தள்ளியிருக்க வேண்டிய நான், நமக்குத் தெரிந்த பலகாரங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினால் என்ன என்று ஒரு பிற்பகல் வேளையில் விபரீதமாக நினைத்து, அதன் பயனாக முன்பின் முகமறியாத ஒரு கனவானோடு பதினேழு நாள் யுத்தம் செய்தேன். காரணம் மண்ணுமல்ல, பொன்னுமல்ல, ஓர் எழுத்து.

நான் எழுதியது 'ஜிலேபி'. மறுநாள் காப்பியும் கையுமாக வந்து பார்த்தால் 'சிலேபி' என்றிருந்தது. எங்கள் பக்கத்தில் சிலேபி என்றால் ஏரியில் பிடிக்கிற மீன். ஆகவே நான் சர்க்கரைப் பாகில் போட்டுவைத்த பதார்த்தம் இரவோடிரவாகக் குழம்புக்குத் தயாராகிவிட்டது. மீளமைத்தேன். அவரும் மீளமைத்தார். ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைக்கலாகாது என்று விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. மூன்றையும் முற்பகலிலேயே செலவழித்துவிட்டு, நான்காவதற்காக அலாரம் வைத்துப் படுத்த என்னை, "விடியற்காலையில் ஏதாவது ரயிலா?" என்று மனைவி விசாரித்தாள். இப்படி மணி பார்த்துக் காத்திருந்து மீளமைப்பதும் போரே என்று அந்த விதியின் விளக்கத்திலேயே கண்டிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன்.

பிறகு பேச்சுப் பக்கத்துக்குப் போனோம். "வணக்கம் ஐயா" என்று மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்த அவர், வடசொல் வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு வரவேண்டும் என்ற தொல்காப்பிய எச்சவியல் விதியை என் தலையில் இறக்கினார். ஜிலேபி வடசொல்லே அல்ல, அரபும் பாரசீகமும் வழங்கிய பதம், அதைத் தின்றறியாத தொல்காப்பியரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது என்று நான் ஆட்சேபித்தேன். ஆதாரம் கேட்டார். எங்கள் தெரு மிட்டாய்க் கடைப் பலகையைப் படமெடுத்து அனுப்பினேன். அதில் ஒரு பக்கம் 'ஜிலேபி' என்றும் மறுபக்கம் 'ஜீலேபி' என்றும் எழுதியிருந்ததை அவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் 'யோகர்ட்' என்ற தலைப்பில் 'எச்' வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு 2003 முதல் 2011 வரை நடந்தது. 'ஸ்டார் ட்ரெக்' படமொன்றின் பெயர் நடுவே வரும் 'இன்டு' என்பதன் முதலெழுத்து பெரிதா, சிறிதா என்பதற்கு 40,000 சொற்கள் செலவாகி, 2013 ஜனவரியில்தான் பெரிதென்று முடிவாயிற்று. அவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் பரம சாதுக்கள்.

நிருவாகி ஒருவர் வந்து பக்கத்தைப் பூட்டினார். நிருவாகிகள் எப்போதும் தவறான பிரதியைத்தான் பூட்டுவார்கள் என்பது விக்கிப்பீடியர்களிடையே பழைய பரிகாசம். அன்று பூட்டப்பட்டதும் 'சிலேபி'தான். தலைகளை எண்ணித் தீர்ப்பளிப்பது அங்கே சம்பிரதாயமில்லை. ஆதாரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். என் தரப்பில் நின்ற ஏழு பேரில் நால்வர் என் உறவினர் என்பதால் அந்தச் சம்பிரதாயம் எனக்குச் சற்றும் ரசிக்கவில்லை. கடைசியில் மூன்றாமவர் ஒருவர் மத்தியஸ்தம் செய்து, தலைப்பு 'ஜிலேபி' என்றும், 'சிலேபி' என்று தேடுகிறவரும் வழிமாற்றின் மூலம் அங்கேயே வந்து சேரட்டும் என்றும், முதல் வரியில் இரண்டு வடிவமும் இருக்கட்டும் என்றும் சொன்னார். இவ்வளவுதானா என்று எங்களிருவருக்கும் ஏமாற்றமாகவே இருந்தது.

பூட்டுத் திறந்த அன்று மாலை, கணக்குக்கூட இல்லாத யாரோ ஒருவர் உள்ளே வந்து, 'உளுந்து மாவைப் பிழிந்து செய்வது' என்று நான் முதல் நாளே எழுதிவைத்திருந்ததை அடித்து, 'அது ஜாங்கிரி. ஜிலேபிக்கு மைதா' என்று குறிப்பெழுதித் திருத்திவிட்டுப் போனார். பதினேழு நாளும் அந்த வரியை நாங்கள் இருவரும் படிக்கவேயில்லை. அந்தத் திருத்தத்தை இன்றுவரை ஒருவரும் மீளமைக்கவில்லை.